சுங்கமா, சுவரா?

விலை என்பது வேறு. விலை என்னும் பெயரால் எழுப்பப்படும் தடை என்பது வேறு. பொருளுக்குரியவன் விலை கேட்பது அவன் உரிமை. ஆனால், வந்து நிற்பவனாற் கொடுக்க இயலாதென்று தெரிந்தே ஒரு தொகையைக் கூறிவிட்டு, “வாயில் திறந்துதான் கிடக்கிறது, நீதான் உள்ளே வரவில்லை” என்று சொல்வது விலை கேட்பதாகாது. அது வாயிலை அடைத்துவிட்டுப் பழியை வெளியே நிற்பவன் தலையிற் சுமத்தும் வித்தை. 2023ஆம் ஆண்டில் அமெரிக்காவின் இரு பெரும் சமூகத் தளங்களாகிய டுவிட்டரும் ரெடிட்டும் செய்தவை இந்த வித்தையே என்பது எமது வழக்கு. அதனை நிரூபிக்கும் பாரம் எம்மைச் சார்ந்தது. தீர்ப்புக் கூற வேண்டியவர்கள் எமது வாசகர்கள்.

கடல் கடந்த கொம்பனிகளின் கணக்கு எமக்கேன் என்று கமக்காரரும் கேட்கலாம். வைத்தியரும் ஆசிரியரும் கேட்கலாம். இன்று உலகின் பேச்சு நடைபெறும் மண்டபங்கள் விரல்விட்டு எண்ணத்தக்க சில கொம்பனிகளின் கையில் இருக்கின்றன. அம்மண்டபங்களுள் எவர் எவ்வழியால் நுழையலாம், அங்கு பேசப்பட்டதை எவர் எடுத்துச் செல்லலாம், அதற்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பவற்றை அவர்களே தனித்துத் தீர்மானிக்கிறார்கள். அந்தத் தீர்மானம் எம் ஊர்வரை வந்து தொட்டிருக்கிறது என்பதைப் பின்னர் காட்டுவோம். முதலில் வழக்கின் பொருளை விளக்குவோம்.

தளத்திலுள்ள பதிவுகளை ஒருவர் தளத்தாரின் பக்கத்திலே சென்று படிப்பது ஒரு வழி. வேறொருவர் எழுதிய செயலி, பாவனையாளரின் சார்பிலே தளத்தின் வழங்கிக்குக் கேள்வி அனுப்பி, விடையைப் பெற்றுத் தன் முறையிற் காட்டுவது மற்றொரு வழி. இந்த இரண்டாம் வழிக்கெனத் தளத்தார் அமைக்கும் நுழைவாயிலையே தொழிலறிந்தோர் ஏ.பி.ஐ. என்பர். இவ்வாயிலால் வரும் வெளிச் செயலி திருட்டுத்தனமாக உட்புகுவதில்லை. அற்றோணித் தத்துவம் கொடுத்து ஒருவரைக் காணிக் கந்தோருக்கு அனுப்புகிறோமே, அதுபோலப் பாவனையாளர் தாமே அமர்த்திக்கொண்ட முகவர் அது. பார்வையற்றோர் பலர் தமக்கு வாசித்துக் காட்டும் வசதி நிறைந்ததென்று இத்தகைய வெளிச் செயலிகளையே நாடினர் என்பதும் நினைவிருக்கட்டும்.

டுவிட்டர் தன் வாயிலை 2006இலும் ரெடிட் 2008இலும் திறந்தன. கட்டணம் கேட்கவில்லை. தருமசிந்தையாலா? அல்ல. அன்று அவற்றிடம் ஆளும் குறைவு, பொருளும் குறைவு. வெளியார் தம் சொந்த உழைப்பால் செயலிகளைச் செய்துதர, தளங்களுக்குக் கூட்டம் சேர்ந்தது. டுவிட்டரின் பெயரோடு உலகெங்கும் பரவிய பறவைச் சின்னத்தையும், பதிவைக் குறிக்கும் “டுவீட்” என்னும் சொல்லையும் முதலிற் கையாண்டது 2007இல் வெளிவந்த டுவிட்டரிஃபிக் என்னும் வெளிச் செயலியே. 2010இல் டுவீட்டி என்னும் மற்றொரு வெளிச் செயலியை விலைக்கு வாங்கித்தான் டுவிட்டர் தனது ஐபோன் செயலியை ஆக்கிக்கொண்டது. ரெடிட்டும் 2014இல் ஏலியன் புளூ என்னும் வெளிச் செயலியை வாங்கியது. அதன் இன்றைய சொந்தச் செயலி 2016இலேயே வெளிவந்தது. காடு வெட்டிக் கழனியாக்கியவர் வெளியார். விளைச்சல் கண்ட பின்னரே உறுதியை எடுத்துக்கொண்டு வந்தார் உடையவர்.

விளைச்சல் என்பது விளம்பரம். தளங்களுக்கு வருவாய் தருபவர் படிப்பவரல்லர். படிப்பவரின் கண்முன் தம் சரக்கை வைக்க விரும்பும் வணிகர். வெளிச் செயலியினூடாகப் படிப்பவர் அந்த விளம்பரங்களைக் காண்பதில்லை. ஆகவே, வளரும் காலத்தில் நண்பனாயிருந்த வெளிச் செயலி, அறுவடைக் காலத்திற் பங்காளியாகத் தோன்றியது. டுவிட்டர் 2011இலேயே, தன் செயலியைப் போன்ற செயலிகளை இனிச் செய்யவேண்டாமென நிரலாளரை எச்சரித்தது. 2012இல், புதிய செயலியொன்று 1,00,000 பாவனையாளருக்கு மேல் வளரவேண்டுமாயின் தன் அனுமதி வேண்டுமென விதித்தது. அப்போதும் வாயில் முற்றாக மூடப்படவில்லை.

2023இல் மூடப்பட்டது. அவ்வாண்டு சனவரி நடுப்பகுதியில் ஓரிரவு டுவீட்பொட், டுவிட்டரிஃபிக் முதலிய செயலிகள் இயங்காது நின்றன. முன்னறிவித்தல் இல்லை, காரணமும் கூறப்படவில்லை. சில நாட்கள் கழித்தே, டுவிட்டருக்கு மாற்றான செயலிகளை ஆக்கலாகாதென்னும் வாசகம் ஒப்பந்தத்திற் சேர்க்கப்பட்டது. தண்டனை முதலில், சட்டம் பின்னர்! சட்டம் படித்தோர் இதற்கு வைக்கும் பெயரை நாம் எழுதத் தேவையில்லை.

அடுத்து பெப்ரவரி 2ஆம் நாள், இலவச வாயில் ஒரு வாரத்தில் மூடப்படுமென அறிவிக்கப்பட்டது. பெப்ரவரி 6ஆம் நாள் துருக்கியையும் சிரியாவையும் பெரும் பூகம்பம் குலுக்கியது. இடிபாடுகளின் கீழ் அகப்பட்டோரும் அவர்தம் உறவினரும் டுவிட்டரில் இட்ட முகவரிகளை அதே வாயிலினூடாகத் திரட்டி மீட்போருக்கு அனுப்ப முயன்ற தொண்டர்கள், “வாயிலை அடைக்காதீர்” என்று கதறவேண்டியதாயிற்று. நாள் தள்ளிப்போடப்பட்டது. கொள்கை மாறவில்லை.

ஏப்பிரல் மாத இறுதியில் நியூயோர்க் நகரப் போக்குவரத்து அதிகாரசபை, புகையிரதத் தாமதங்களை டுவிட்டரில் அறிவிப்பதை நிறுத்தியது. மாதம் 50,000 டொலர் வரை செலவாகுமெனக் கணக்கிடப்பட்டதே காரணம். சில நாட்களுள், அரச நிறுவனங்களின் இன்றியமையாத அறிவித்தல்களுக்கு வாயில் மீண்டும் இலவசமாயிற்று. இதிலிருந்து நாம் கற்கும் பாடம் யாது? அச்சுங்கம் இயற்கையின் நியதியுமன்று, கணக்கின் கட்டாயமுமன்று. அதிகாரமுள்ளவன் முகஞ்சுளித்தால் அது மறைகிறது. அதிகாரமற்றவன் அழுதாலும் நிற்கிறது.

இனி ரெடிட்டின் கணக்கைப் பார்ப்போம். இங்கே எண்களே சாட்சி. 1,000 கேள்விகளுக்கு 24 சதம், அதாவது 5 கோடிக் கேள்விகளுக்கு 12,000 டொலர் என்று 2023இல் விலை கூறப்பட்டது. அப்பலோ என்னும் செயலியைக் கனடாவிலிருந்து நடத்திவந்த நிரலாளர், தம் செயலி ஒரு மாதத்தில் 700 கோடிக் கேள்விகளை அனுப்பியதெனக் கூறிக் கணக்கை மே 31இல் வெளியிட்டார். வாசகர் தாமே பெருக்கிப் பார்க்கலாம்: மாதம் 16 இலட்சத்து 80 ஆயிரம் டொலர், ஆண்டுக்கு ஏறக்குறைய 2 கோடி டொலர். அதே 5 கோடிக் கேள்விகளுக்குப் படச் சேமிப்புத் தளமொன்று தம்மிடம் 166 டொலரே பெறுவதாகவும் அவர் எடுத்துக்காட்டினார். புதிய விலை யூலை 1இல் நடைமுறைக்கு வந்தது. ஒரு மாதத் தவணை! முதல்நாள், யூன் 30இல், அப்பலோ மூடப்பட்டது.

இரு தளங்களும் இரு வேறு சரக்குகள், அவற்றின் விலையை ஒப்பிடலாகாது என்று எதிர்த்தரப்பார் வாதிடலாம். சரி; ரெடிட்டை ரெடிட்டோடே ஒப்பிடுவோம். அப்பலோவின் சராசரிப் பாவனையாளர் நாளொன்றுக்கு 344 கேள்விகளை அனுப்பினார். புதிய விலையில் அது மாதம் சுமார் இரண்டரை டொலர். பங்குச் சந்தைக்குச் செல்லுமுன் ரெடிட் தானே பதிவு செய்த பத்திரத்தின்படி, 2023ஆம் ஆண்டின் முழு வருவாய் 80 கோடியே 40 இலட்சம் டொலர். அவ்வாண்டின் இறுதிக் காலாண்டில் நாளாந்தப் பாவனையாளர் 7 கோடியே 31 இலட்சம் பேர். வகுத்துப் பார்த்தால் ஒருவரால் மாதம் ஒரு டொலருக்கும் குறைவு. மிகுந்த வருவாய் தரும் அமெரிக்கப் பாவனையாளரை, மிகுந்த வருவாய் வந்த அக்காலாண்டிலே எடுத்தாலும், ஒருவரால் மூன்று மாதங்களில் 5 டொலர் 51 சதம். மாதம் 2 டொலருக்கும் குறைவு. ஆகவே, தன் சொந்தக் கூரையின்கீழ் விளம்பரம் காட்டி ஈட்டுவதிலும் அதிகத்தை, விளம்பரம் காட்டாத முகவரிடம் ரெடிட் கேட்டது. இழந்த வருவாயை ஈடுசெய்யும் விலையாயின் அதற்குச் சமமாக இருக்கவேண்டும். அதனிலும் மிகுந்து நிற்பதை எவ்வாறு அழைப்பது?

வெளிச் செயலியை நாடுவோர் மிகுதியாகப் பாவிப்போர், அவராற் செலவும் மிகுதி என்பர். இருக்கலாம். எவ்வளவு மிகுதி என்று கொம்பனி தன் ஏட்டைத் திறந்து காட்டியதா? இல்லை. சந்தா முறைக்கு மாறி ஓரிரு செயலிகள் உயிர் பிழைத்தனவே என்பர். உண்மை. பார்வையற்றோருக்குதவும் இலாபநோக்கற்ற சில செயலிகளுக்கு விலக்களிக்கப்பட்டதும் உண்மை. ஆனால், வெள்ளத்திற் சிலர் மரத்திலேறித் தப்பினர் என்பதனால் அணையை உடைத்தவன் குற்றமற்றவன் ஆகிவிடுவானா?

2023 யூன் 12இல் எண்ணாயிரத்துக்கு மேற்பட்ட மன்றங்கள் ரெடிட்டிற் கதவடைப்புச் செய்தன. அம்மன்றங்களைக் காத்து, வசையையும் வஞ்சகத்தையும் களைந்து, அவற்றைப் படிக்கத்தக்கனவாக வைத்திருக்கும் மட்டுறுத்துநர்கள் ஊதியம் பெறாத தொண்டர்கள். அவர்களது உழைப்பு ஆகக் குறைந்தது ஆண்டுக்கு 34 இலட்சம் டொலர் பெறுமதியானதென 2022இல் அமெரிக்க ஆய்வாளர் மதிப்பிட்டனர். மன்றங்களைத் திறவாவிடின் அவர்களை அகற்றி வேறொருவரை அமர்த்துவோமென்று கொம்பனி எச்சரித்தது. அதன் தலைவர் ஸ்டீவ் ஹஃப்மன் அவர்களை நிலவுடைமைப் பிரபுக்களுக்கு ஒப்பிட்டார். என்னே விந்தை! கூலியின்றிக் களை பிடுங்குபவன் நிலப்பிரபுவாம். காணியின் உறுதியையும் களஞ்சியத்தின் திறப்பையும் இடுப்பிற் செருகியிருப்பவன் ஏழைக் குடியானவனாம்! அந்த “ஏழை”க்கு 2023இல் வழங்கப்பட்டதென அதே பதிவுப் பத்திரத்திற் காட்டப்பட்ட ஊதியத் தொகுப்பு 19 கோடியே 30 இலட்சம் டொலர். பெரும்பகுதி பங்குகளும் பங்குரிமைகளும் ஆகும். கொம்பனியின் அவ்வாண்டு நட்டம் 9 கோடியே 8 இலட்சம் டொலர். நட்டத்துக்குக் காரணம் வெளிச் செயலிகளா என்பதை வாசகரே தீர்மானிக்கட்டும்.

செயற்கை நுண்ணறிவுக் கொம்பனிகள் தம் தளத்தை இலவசமாக வாரிச் சென்று கோடிகளைக் குவிக்கின்றன, அதைத் தடுக்கவே விலை வைத்தோம் என்பது அவர்களுடைய வலிமை வாய்ந்த வாதம். மொத்தமாக வாரிச் செல்பவனிடம் விலை கேட்பதை நாம் எதிர்க்கவில்லை. ஆனால் நடந்ததென்ன? 2024 சனவரியில் ரெடிட் தன் தரவுகளை வழங்கச் செய்துகொண்ட ஒப்பந்தங்களின் மொத்தப் பெறுமதி, இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு, 20 கோடியே 30 இலட்சம் டொலர். வாரிச் செல்பவன் உள்ளே விடப்பட்டான். வாசிக்க வந்தவனின் முகவர் வெளியே தள்ளப்பட்டான். செல்வனுக்குச் சுங்கம், எளியவனுக்குச் சுவர். விற்கப்பட்ட சரக்கோ கொம்பனி விளைவித்ததன்று. அது மக்கள் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக ஒருவருக்கொருவர் உதவியாக எழுதிய எழுத்து. எழுதியவருக்கு அவ்விலையில் ஒரு சதமேனும் போய்ச் சேர்ந்ததாக அப்பத்திரத்திலே காணோம்.

அடுத்த வாதம் அந்தரங்கத்தைப் பற்றியது. முகநூலின் வாயில் அகலத் திறந்திருந்தபடியாலன்றோ கேம்பிரிட்ஜ் அனலிற்றிக்கா விவகாரத்தில் 8 கோடியே 70 இலட்சம் பேரின் விபரங்கள் வெளியேறின என்பர். அக்குற்றத்தை நாம் சிறிதும் குறைத்துப் பேசோம். அங்கு நிகழ்ந்தது, ஒருவர் கொடுத்த அனுமதியைக் கொண்டு அவரது நண்பர்களின் விபரங்களை அவர்களறியாமல் எடுத்தமை. தமக்குரியதைத் தம் முகவரூடாகப் பார்க்கும் உரிமை வேறு. பிறருக்குரியதை அவரறியாமல் அள்ளும் அக்கிரமம் வேறு. முகநூல் அந்தரங்கத்துக்காகவே கதவை மூடிற்றா? 2013 சனவரியில் வைன் என்னும் புதிய காணொளிச் செயலி வெளிவந்த அன்றே, அதற்குத் தன் வாயிலை முகநூல் அடைத்தது. அதற்கு மார்க் சக்கர்பேர்க் சில வார்த்தைகளிற் சம்மதமளித்ததைப் பிரித்தானியப் பாராளுமன்றக் குழு 2018இல் வெளியிட்ட ஆவணங்கள் காட்டின. அங்கே காக்கப்பட்டது அந்தரங்கமா, ஆதிக்கமா?

சட்டம் இதற்கு என்ன சொல்கிறது? அமெரிக்காவின் கமக்காரரைக் கேளுங்கள். 1870களில் மேற்கு மாநிலங்களின் தானியம் யாவும் சிக்காகோ நகரின் களஞ்சியங்களினூடாகவே கீழ்க்கரைக்குச் செல்லவேண்டியிருந்தது. அக்களஞ்சியங்கள் பதினான்கு, அவற்றை ஆட்டிப்படைத்த வணிக நிறுவனங்கள் ஒன்பது. அவர்கள் கூடிப்பேசிக் கட்டணத்தை நிர்ணயித்து ஆண்டுதோறும் சனவரியிற் பத்திரிகையிற் பிரசுரிப்பர். விளைவித்தவன் கொடுத்தே தீரவேண்டும். இலினோய் மாநிலம் 1871இல் உச்சக் கட்டணத்தைச் சட்டமாக்கியது. “எம் சொத்து, எம் விலை” என்று களஞ்சியக்காரர் வழக்காடினர். 1877இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் அவர்களுக்கெதிராகத் தீர்த்தது. சொத்தைப் பொதுமக்களின் நலன் தங்கியிருக்கும் வகையிற் பயன்படுத்துபவர் பொதுநலனுக்கான கட்டுப்பாட்டுக்கு இணங்கியே ஆகவேண்டுமென்பது பிரதம நீதியரசர் வெயிற்றின் தீர்ப்பின் சாரம். அத்தத்துவத்தை அவர் பதினேழாம் நூற்றாண்டின் ஆங்கில நீதியரசர் ஹேல் பிரபு துறைமுகங்களைப் பற்றி எழுதியதிலிருந்து எடுத்தார். 1912இல் சென் லூயிஸ் நகரின் பாலங்களையும் நிலையங்களையும் கைப்பற்றியிருந்த புகையிரதக் கொம்பனிகள், ஏனைய கொம்பனிகளையும் நியாயமான, சமமான நிபந்தனையில் அனுமதிக்கவேண்டுமென்று அதே நீதிமன்றம் கட்டளையிட்டது.

அந்த நீதிமன்றங்களின் வழிவந்தவை இன்று தயங்குகின்றன. மத்திய வர்த்தக ஆணைக்குழு 2020 டிசம்பரில் முகநூல்மீது தொடுத்த வழக்கில், போட்டியாளருக்கு வாயிலை மறுக்கும் பொதுவான கொள்கை தன்னளவிற் சட்டவிரோதமன்று என்றும், வைன் முதலியோருக்கு இழைக்கப்பட்டவை காலங்கடந்தவை என்றும் 2021இல் நீதிபதி கூறினார். 2025 நவம்பரில் அந்நீதிமன்றம் கொம்பனிக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. வழக்கு மன்றம் கைவிட்ட இடத்திற் சட்டமன்றம் கைகொடுக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் இயற்றிய சட்டத்தின் கீழ், பொதுப் பதிவுகளை ஆய்வாளருக்குக் காட்ட மறுத்தமை உள்ளிட்ட குற்றங்களுக்காக, டுவிட்டராயிருந்து எக்ஸ் எனப் பெயர்மாறிய தளத்துக்கு 2025 டிசம்பரில் 12 கோடி யூரோ தண்டம் விதிக்கப்பட்டது. இது ஆய்வாளரின் உரிமை மட்டுமே. பாவனையாளரின் முகவருக்கு அங்கும் முழு உரிமை இல்லை. எனினும், வாயிலின் திறப்பு உடையவனுக்கு மாத்திரம் உரியதன்று என்று ஒரு சட்டமன்றம் சொல்லிவிட்டது.

எமது ஊர்வரை இது வந்தது என்றோமே, அதற்கு வருவோம். 2018 மார்ச்சிற் கண்டி மாவட்டத்தில் முஸ்லிம் மக்கள்மீது வன்செயல் கட்டவிழ்த்து விடப்பட்டபோது தன் தளம் அதற்குத் துர்ப்பிரயோகம் செய்யப்பட்டதற்கு முகநூல் 2020 மே மாதத்தில் மன்னிப்புக் கேட்டது. எந்த நச்சுப் பதிவு எவ்வேகத்திற் பரவுகிறதென்று வெளியார் கண்டறிய உதவிய கிரவுட்டாங்கிள் என்னும் கருவியை அதே கொம்பனி 2024 ஓகஸ்ட் 14இல் மூடியது. இலங்கையின் சனாதிபதித் தேர்தலோ செப்டெம்பர் 21இல். மாற்றாக வைக்கப்பட்ட கருவிக்கு ஆய்வாளர் விண்ணப்பித்து அனுமதிக்காகக் காத்திருக்க வேண்டும்; செய்தி நிறுவனங்கள் பலவற்றுக்கு அந்த வாய்ப்புமில்லை. தீ மூண்டதற்கு மன்னிப்புக் கேட்டவர், புகையைக் காணும் சாளரத்தை அடைத்தார். சிறுபான்மையோராய் வாழும் எமக்கு அச்சாளரத்தின் அருமையை எவரும் விளக்கவேண்டியதில்லை.

ஆகவே நாம் கோருவன நான்கு. முதலாவது, கட்டணம் உண்மைச் செலவையும் உண்மையில் இழந்த வருவாயையும் அடிப்படையாகக் கொண்டு, கணக்கோடு பகிரங்கப்படுத்தப்பட வேண்டும். இரண்டாவது, ஒரே தேவைக்கு வருவோர் யாவருக்கும் ஒரே விலை. செல்வனுக்கு இரகசிய ஒப்பந்தமும் எளியவனுக்கு அறிவித்தற் பலகையும் கூடா. மூன்றாவது, வாயிலை நம்பித் தொழில் நடத்தியவரை வெளியேற்ற ஓராண்டு முன்னறிவித்தல் வேண்டும். 1958இன் நெற்காணிச் சட்டம் குத்தகைக் கமக்காரனை நினைத்தபடி வெளியேற்றலாகாது என்றபோது வானம் இடிந்து விழவில்லை, இங்கும் விழாது. நான்காவது, தாம் எழுதியதையும் தமக்கு எழுதப்பட்டதையும் தாம் தெரிந்த முகவரூடாகப் பார்க்கவும், தம் எழுத்து விற்கப்படுமாயின் அதனை மறுக்கவும் பாவனையாளருக்கு உரிமை வேண்டும். பார்வையற்றோருக்கும் பேரிடர் மீட்புத் தொண்டருக்கும் வாயில் எக்காலமும் இலவசமாயிருத்தல் வேண்டும்.

இவை கொம்பனியின் சொத்தைப் பறிக்கும் கோரிக்கைகள் அல்ல. களஞ்சியக்காரன் 1877க்குப் பின்னரும் களஞ்சியக்காரனாகவே இருந்தான். நியாயமான கூலி பெற்றான். எமது சட்டத்தரணிகள் இத்தத்துவத்தைப் படித்தவர்கள்; எமது கமக்காரர் அதனைச் சந்தையில் அனுபவித்தவர்கள். இருவரும் சேர்ந்து கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே. கேட்பது சுங்கமாயின், கணக்கைக் காட்டட்டும். கணக்கைக் காட்ட மறுப்பாராயின், அது சுவர்தான்.